பிப்ரவரிச் சம்பளம் போடுமுன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. மகள் விடுதிச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டாள் என்று எழுதியிருந்தாய், அதுவே எங்களுக்குப் பெரிய நிம்மதி. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது பேப்பரைத் தானே படிக்கிறார். உன் கடிதத்தைப் பிரித்து முதலில் படித்ததும் அவர்தான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மஸ்டர் என்கிற வருகை நோட்டை மூடிவிட்டு பிப்ரவரியிலிருந்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் சம்பளம் போடப் போவதாகவும், லீவுக் கணக்கை எப்படி அமைப்பதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். முதல் மாதமே பிப்ரவரி என்று படித்ததும் எனக்கு பக்கென்றது. காரணம் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த மில்லில் சம்பள மென்பொருளை அமைத்துக் கொடுத்தவன் நான்தான். மாதச் சம்பளக்காரர்களுக்கு 'வந்த நாள்' கணக்கு வைத்து, ஒரு நாள் சம்பளத்துக்கு 26-ஆல் வகுக்கச் சொல்லியிருந்தேன். வேலையை விட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் கிராஜுவிட்டிக்கு மாதத்தை 26 நாளாக வைத்து 15/26 என்று போடுகிறோமே, அந்தப் பழக்கம். பிப்ரவரியில் 28 நாள், ஞாயிறு நான்கு போக வேலை நாள் 24. பேக்கிங் பிரிவில் ஒரு அக்கா, மாதச் சம்பளம் 18,200 ரூபாய். அந்த மாதம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. கணினி 24-ஐ 26-ஆல் வகுத்து 16,800 கொடுத்தது. சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் எந்த நாள் வரலைன்னு சொல்லுங்க தம்பி" என்று என் மேஜை முன்னால் வந்து நின்றார். அந்த 1,400 ரூபாயை அன்று சாயங்காலமே கொடுத்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் முதலில் இதை முடிவு செய். டேலியில் சம்பளத் தலைப்பை 'ஆன் அட்டென்டன்ஸ்', அதாவது வருகையைப் பொறுத்து என்று வைக்கும்போது இரண்டு வழி உண்டு: வந்த நாளுக்குச் சம்பளம் கொடுப்பது, அல்லது முழுச் சம்பளத்திலிருந்து 'லீவ் வித்தவுட் பே' என்கிற சம்பளமில்லாத லீவு நாளை மட்டும் கழிப்பது. தினக்கூலிக்கு முதல் வழி. மாதச் சம்பளத்துக்கு இரண்டாவதை எடு, நாள் கணக்கை 'காலண்டர் பீரியட்', அதாவது அந்த மாதத்தின் மொத்த நாள் என்று வை. லீவே போடாதவருக்கு எதையும் பதிய வேண்டாம், முழுச் சம்பளம் தானாக வரும். கழிக்கும் முறையிலும் 26 வைத்தால் தகராறுதான். 31 நாள் மாதத்தில் 27 வேலை நாள் வந்து, ஒருவர் முழுக்க வராமல் போனால் 18,200 சம்பளக்காரருக்கு 18,900 பிடித்தம் விழும்!

காலண்டர் கணக்கிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒரு நாள் லீவுக்கு பிப்ரவரியில் 650 போகும், மார்ச்சில் 587 போகும். ஏன் மாறுகிறது என்று கேட்பார்கள், பொறுமையாகச் சொல்லிவிடு. வராத நாளின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 1936-ம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது, அதன் இடத்தில் வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இன்னொன்று, மாதம் முழுக்க வராதவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் எல்.ஓ.பி.யில், அதாவது அந்தச் சம்பளமில்லாத லீவில், சேர்க்க மறந்தால் அந்த நான்கு நாளுக்குச் சம்பளம் போய்விடும்.

அடுத்தது, வராத எல்லாரையும் 'ஆப்சென்ட்' என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடாதே. உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஈ.எல். (வேலை செய்து ஈட்டிய லீவு), சி.எல். (தற்செயல் லீவு), பண்டிகை விடுமுறை எல்லாம் சம்பளத்தோடு. எல்.ஓ.பி., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) நோய் விடுப்பு, பிரசவ விடுப்பு மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வை. கடைசி இரண்டிலும் கம்பெனி சம்பளம் கொடுக்காது, இ.எஸ்.ஐ.தான் கொடுக்கும். நோய்க்கு 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. பிரசவத்துக்கு முழுச் சம்பளம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணை ஆப்சென்ட் என்று பதிந்து வைத்தால், வருஷக் கடைசியில் ஈ.எல். தகுதி பார்க்கும்போது அவள் நாள்கள் குறைந்து நிற்கும். சட்டப்படி அந்தப் பிரசவ விடுப்பு நாள்கள் தகுதிக்கு வேலை செய்த நாளாகச் சேர வேண்டியவை.

இன்னும் கேள். இ.எஸ்.ஐ. தரும் அந்த நோய்க்காலப் பணம் கிடைக்க, ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது இ.எஸ்.ஐ. பங்களிப்பு இருக்க வேண்டும். சம்பளத்தோடு எடுத்த லீவும் அதில் சேரும். நாம் ஒரு ஈ.எல்.லைத் தவறாக எல்.ஓ.பி. என்று போட்டால் ஒரு நாள் சம்பளம் மட்டுமா போகிறது? 77-ல் நிற்கும் ஒருவருக்கு வைத்தியச் சமயத்தில் வரவேண்டிய பணமே போகும். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) ரிட்டர்னிலும் 'என்.சி.பி. டேஸ்', அதாவது பங்களிப்பு இல்லாத நாள்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது, எல்.ஓ.பி. நாள் அங்கே போய் உட்கார்ந்து பென்ஷன் சேவையில் கழியும். இருபது வருஷம் கழித்து அதை யார் தேடித் திருத்துவார்கள்?

ஈ.எல். தகுதியைப் பற்றியும் கேட்டிருந்தாய். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் ஃபேக்டரிச் சட்டத்தில் வருஷத்துக்கு 240 நாள் வேலை என்று இருந்த தகுதி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 180 ஆகியிருக்கிறது. உன் எக்செல் ஷீட்டில் 240 என்று பழைய ஃபார்முலா எங்கேனும் ஒளிந்திருக்கும், தேடிப் பார். எந்தத் தேதியிலிருந்து எந்த விதி என்பதையும் பக்கத்திலேயே எழுதி வை, உனக்குப் பின்னால் வருபவனுக்கு உதவும்.

நிஜச் சம்பளம் போடுமுன் பொய்யாக ஐந்து பேரை உருவாக்கிக்கொள். ஒருவர் முழு வருகை, ஒருவர் ஒரு நாள் எல்.ஓ.பி., ஒருவர் பதினைந்தாம் தேதி சேர்ந்தவர், ஒருவர் மாதம் முழுக்க வராதவர், ஒருவர் மாதக் கடைசியில் ஈ.எல். எடுத்து அடுத்த மாதம் மூன்றாம் தேதி திரும்பியவர். பிப்ரவரிக்கு ஒரு தடவை, மார்ச்சுக்கு ஒரு தடவை ஓட்டு. கையால் போட்ட கணக்கோடு ரூபாய் ரூபாயாக ஒத்துப் பார். அதோடு, முதல் மூன்று மாதம் நோட்டையும் தூக்கிப் போடாதே, இரண்டும் கூடவே ஓடட்டும்.

அப்புறம், மாசியில் கோனியம்மன் தேர் வருகிறது. நீ இங்கே தேர் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது? குடும்பத்தோடு வா, இரண்டு நாள் தங்கு. வரும்போது அந்த ஐந்து பேரின் கணக்கை அச்செடுத்துக் கொண்டு வா, உட்கார்ந்து பார்ப்போம். அம்மா இப்போதே உனக்குப் பிடித்த கச்சாயம் சுடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்
கோவை