எங்கள் படிப்பக மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இயங்கும் நம் மன்றம், சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இவ்வாண்டின் ஞாயிறு மாலைக் கூட்டங்களை ஒரே பொருளுக்கு ஒதுக்கியது: படையெடுப்புக்கு உள்ளான உக்ரைனில் மனித உரிமைகளைக் காக்க உலக நாடுகள் தூதரக வழியில் செய்தவை யாவை, அவற்றால் விளைந்தது என்ன. 2022-ல் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தமிழக மாணவர்கள் ஊர் திரும்பிய நாள்களில் தெருவெங்கும் இதே பேச்சாக இருந்தது. பிள்ளைகள் வந்துசேர்ந்ததும் பேச்சு ஓய்ந்தது. அந்த மறதியே இப்பொருளைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

பாதுகாப்பு அவையில் ரஷ்யாவின் வீட்டோ குறுக்கே நின்றதால் விவகாரம் ஐ.நா. பொதுச் சபைக்குச் சென்றது. 2022 மார்ச் 2 அன்று ரஷ்யப் படைகள் வெளியேற வேண்டும் என்று 141 நாடுகள் வாக்களித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. இந்தியா உள்ளிட்ட 35 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. இத்தீர்மானத்துக்கு யாரையும் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை என்று உறுப்பினர் சிலர் அலுத்துக்கொண்டது நியாயமே. ஆனால் பலன் வேறிடத்தில் கிடைத்தது. அதே நாளில் 39 உறுப்பு நாடுகளின் முறையீட்டைப் பெற்றிருந்த சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் (போர்க்குற்றம் போன்றவற்றுக்காகத் தனிமனிதர்களை விசாரிக்கும் மன்றம்) வழக்கறிஞரால், நீதிபதிகளின் முன் அனுமதிக்குக் காத்திராமலே விசாரணையைத் தொடங்க முடிந்தது. 2023 மார்ச் 17 அன்று, குழந்தைகளைச் சட்டவிரோதமாக நாடுகடத்திய குற்றச்சாட்டில் ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதின் மீதும் அவருடைய குழந்தை உரிமை ஆணையர் மரியா ல்வோவா-பெலோவா மீதும் பிடியாணை பிறந்தது. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை, போர் தொடங்கிய எட்டாம் நாளே, மார்ச் 4-ல், 32 வாக்குகளுடன் விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. இரண்டே நாடுகள் எதிர்த்தன, 13 நாடுகள் விலகின.

அந்தப் பதின்மூன்றில் இந்தியாவும் ஒன்று. இதைப் பற்றித்தான் நம் கூட்டங்களில் குரல்கள் உயர்ந்தன. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 5 அன்று, உக்ரைனின் புச்சா நகரில் பொதுமக்கள் கொல்லப்பட்டதை ஐ.நா.வில் நம் நாட்டின் பிரதிநிதியாக இருந்த தமிழரான டி.எஸ். திருமூர்த்தி ஐயத்துக்கு இடமின்றிக் கண்டித்து, சுதந்திரமான விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை ஆதரித்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து ரஷ்யாவைப் பேரவையிலிருந்து இடைநீக்கும் தீர்மானம் 93 வாக்குகளுடன் நிறைவேறியபோது இந்தியா மீண்டும் விலகியது. போரை நிறுத்துமாறு, நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றம் மார்ச் 16-ல் பிறப்பித்த ஆணையிலோ, இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரி 13 பேர் கொண்ட பெரும்பான்மையோடு நின்றார். நீதிபதி அரசின் பிரதிநிதி அல்லர் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். எண்ணெய், ஆயுதம், பழைய நட்பு என்று விலகலுக்குச் சொல்லப்படும் காரணங்கள் எனக்கும் புரிகின்றன. எனினும் விசாரணை வேண்டும் என்று பேசும் நாடு, விசாரிக்க அமைந்த ஆணையத்துக்கு வாக்களித்திருக்கலாம் என்பதே செயலாளரின் கருத்து. தலைவருக்கு இதில் உடன்பாடில்லை. அதுவும் குறிப்பேட்டில் உள்ளது.

ஈழத்தைத் தொடாமல் இப்பேச்சு வடசென்னையில் முடியுமா? 2009 மே மாதம் அதே பேரவை இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை 29 வாக்குகளுடன் நிறைவேற்றியது; இந்தியாவின் வாக்கும் அதில் இருந்தது. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணைக்கு 2014 வரையும், சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் ஏற்பாட்டுக்கு 2021 வரையும் காத்திருக்க நேர்ந்தது. உக்ரைனுக்கு எட்டு நாள் போதுமானதாக இருந்ததே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்தக் கோபம் சரியானது. உக்ரைன் மக்களுக்குக் கிடைத்ததைக் குறை சொல்ல அது காரணமாகாது என்பதைக் கூட்டமும் ஏற்றது.

ஆதரவு நிலையானதன்று. 2025 பிப்ரவரி 24 அன்று பொதுச் சபையில் உக்ரைன் கொணர்ந்த தீர்மானத்துக்கு 93 வாக்குகளே கிடைத்தன. அமெரிக்கா எதிர்த்து வாக்களித்தது. மறுபுறம், ஆக்கிரமிப்புக் குற்றத்தை, அதாவது சட்டவிரோதமாகப் போர் தொடுத்த குற்றத்தை, விசாரிக்கும் தனித் தீர்ப்பாயத்துக்கான ஒப்பந்தத்தில் ஐரோப்பிய மன்றமும் (மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நாடுகளின் அமைப்பு; ஐரோப்பிய ஒன்றியம் அன்று) உக்ரைனும் ஜூன் 25-ல் கையெழுத்திட்டன.

இத்தீர்ப்பாயத்தின் அமைப்பைப் படிக்க வரும் ஆண்டில் சில கூட்டங்களை ஒதுக்கவும், உலக வரைபடம் ஒன்று வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்