சேகருக்கு: 1952 அட்டவணையில் காணாமல் போன 66 பேர்

அன்புள்ள சேகர்,

கோப்பு வந்து சேர்ந்தது. பதில் போடத் தாமதமானதற்குத் திட்டுவாய், தெரியும். நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அண்ணாச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பழைய மிடுக்கோடுதான் உட்கார்ந்திருக்கிறார். கோமதிக்குத் திருச்சிக்கு மாற்றல். ஊர்ச் சேதி இவ்வளவுதான்.

இனி சண்டை. இந்த மாதக் கடைசியில் நம் சிறப்பு மலர் அச்சுக்குப் போகிறது என்கிறாய். அதில் வரும் 1952 சட்டசபைத் தேர்தல் முடிவு அட்டவணையை மட்டும் தயவுசெய்து நிறுத்திவை. சென்னை மாகாணச் சட்டசபையில் அன்று 375 இடங்கள். உன் அட்டவணையில் ஜெயித்தவர்கள் 309 பேர். மீதி 66 பேர் எங்கே? ஓரத்தில் நீயே எழுதி வைத்திருக்கிறாய்: "ஒரே தொகுதி இரண்டு தடவை வருகிறது, தட்டச்சுப் பிழை, நீக்கிவிட்டேன்." பிழையே இல்லையடா அது! அவை இரட்டை உறுப்பினர் தொகுதிகள், ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேர் ஜெயிப்பார்கள். 309 தொகுதிகளில் 243 ஒற்றை, 66 இரட்டை. 243-உம் 132-உம் சேர்ந்தால்தான் 375. அந்த 66 இரட்டையில் 62 தொகுதிகளில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு, 4 தொகுதிகளில் ஓர் இடம் பழங்குடியினருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள்.

நீ என்ன செய்திருக்கிறாய்? வாக்கு எண்ணிக்கையை இறங்குவரிசையில் அடுக்கி, முதலில் நிற்பவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டாய். ஒற்றைத் தொகுதிக்கு அது சரி. இரட்டைத் தொகுதியில் அந்த வெட்டு பெரும்பாலும் யார் தலையில் விழும் என்று யோசித்துப் பார். ஒதுக்கப்பட்ட இடத்தில் ஜெயித்தவர் பல இடங்களில் மூன்றாவதாகக்கூட நிற்பார். குடியரசின் முதல் தேர்தலில் சட்டசபைக்குள் நுழைந்த தலித் உறுப்பினர்களை, அவர்களைப் பற்றி எழுத வந்த மலரிலிருந்தே நாம் அழித்துவிடப் பார்த்தோம். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, சேகர். ராத்திரி பூராவும் இதுதான் மனசில் ஓடியது.

எண்ணும் முறையை ஒரு தடவை நிதானமாகப் படி. இரட்டைத் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குச்சீட்டு. இரண்டையும் வெவ்வேறு வேட்பாளருக்குப் போடலாம்; ஒன்றை மட்டும் போட்டுவிட்டும் போகலாம். இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட்டால் ஒன்றுதான் செல்லும். எண்ணி முடித்ததும் முதலில் ஒதுக்கப்பட்ட இடத்தைத் தீர்ப்பார்கள்: அந்தப் பிரிவு வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவருக்கு அது. பிறகு மீதியிருக்கும் எல்லோரையும், எந்தப் பிரிவு என்று பார்க்காமல், ஒன்றாக வைத்து அதிக வாக்கு வாங்கியவருக்குப் பொது இடம்.

கணக்குக்காக ஒரு தொகுதியை நானே கற்பனையாக வைக்கிறேன். வாக்காளர் 1,40,000. செல்லுபடியான வாக்கு 1,26,000. பொது வேட்பாளர் முதலாமவர் 45,000, இரண்டாமவர் 36,000. தாழ்த்தப்பட்டோர் பிரிவில் ஒருவர் 27,000, இன்னொருவர் 18,000. ஜெயித்தவர்கள் 45,000 வாங்கியவரும் 27,000 வாங்கியவரும். 36,000 வாங்கியவர் தோற்றார். உன் எக்செல் 27,000-ஐ வெட்டியது இப்படித்தான்.

வாக்குப்பதிவு சதவீதத்திலும் இதே வினைதான். 1,26,000-ஐ 1,40,000-ஆல் வகுத்து 90 சதவீதம் என்று போட்டிருப்பாய். படிப்பவன் கள்ள ஓட்டு என்பான். அவரவருக்கு இரண்டு சீட்டு என்பதால் 2,80,000-ஆல் வகுத்தால் 45. அதுவும் வாக்குப்பதிவு சதவீதம் ஆகாது. வந்தவர்கள் எல்லோரும் இரண்டு சீட்டையும் செல்லும்படி போட்டிருந்தால்தான் 45. ஒற்றைச் சீட்டோடு நிறுத்தியவர்களும், இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ஒன்றைக் கெடுத்துக்கொண்டவர்களும் இருந்தால் வந்த தலைகள் அதைவிட அதிகம். வந்தவர் எத்தனை பேர் என்ற தனிக் கணக்கு கையில் இல்லாத தொகுதிக்கு "குறைந்தது 45" என்று மட்டும் எழுது. இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடு.

இன்னொரு கண்ணியும் உண்டு. சில அட்டவணைகளில் வாக்காளர் எண்ணிக்கையையே முன்கூட்டி இரட்டித்து வைத்திருப்பார்கள். நீ மறுபடி இரட்டித்தால் சதவீதம் பாதியாகிவிடும். கண்டுபிடிப்பது எளிது: மாகாணம் முழுக்க வாக்காளர் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம், 375-ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்குச் சுமார் 72,000. இரட்டைத் தொகுதியில் ஒன்றரை லட்சத்துக்குக் கிட்டே இருந்தால் அது உண்மையான தலைக்கணக்கு. மூன்று லட்சத்தை ஒட்டி இருந்தால் ஏற்கெனவே இரட்டித்தது.

டெபாசிட் பத்தியையும் திருத்து. சட்டசபைக்கு 250 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடி வேட்பாளருக்கு அதில் பாதி. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் போச்சு என்பது ஒற்றைத் தொகுதிக்கு. இரட்டையில் அந்த ஆறில் ஒன்றை, தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கையால் இன்னொரு தடவை வகுக்க வேண்டும். நம் கற்பனைத் தொகுதியில் 1,26,000-இல் ஆறில் ஒன்று 21,000. இரண்டால் வகுத்தால் 10,500. 18,000 வாங்கியவர் டெபாசிட்டைக் காப்பாற்றிக்கொண்டார். நீ அவருக்கும் "பறிபோனது" என்று போட்டிருப்பாய்.

பெட்டி முறையைப் பற்றி ஒரு வரி சேர்த்தாயே, அது எனக்குப் பிடித்தது. ஆனால் "சின்னத்தில் முத்திரை குத்தினார்கள்" என்பதை எடுத்துவிடு. 1952-இல் சீட்டில் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. மறைவிடத்துக்குள் வேட்பாளருக்கொரு இரும்புப் பெட்டி. சின்னம் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும். மேலே ஒட்டியது கிழிந்தாலும் யார் பெட்டி என்று தெரிய உள்ளேயும் ஒன்று. காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதைவிட எளிய முறை இல்லை. கெடுதலும் அதிலேயே இருந்தது: மறைவில் நிற்பவர் சீட்டைப் பெட்டியில் போட்டாரா, மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தாரா என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்த சீட்டுக்கு விலை உண்டு. வாங்கியவன் ஒரு நம்பிக்கையான ஆள் கையில் கட்டாகக் கொடுத்து உள்ளே அனுப்பினால் போதும். 1960 கேரள இடைக்காலச் சட்டசபைத் தேர்தலிலும் 1961 ஒடிசா இடைக்காலச் சட்டசபைத் தேர்தலிலும் குறியிடும் சீட்டைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, 1962 பொதுத்தேர்தலில் பரவலாகக் கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான்.

கட்சிக் கணக்கைச் சரிபார்க்க உனக்கு மொத்தம் தருகிறேன். காங்கிரஸ் 152, கம்யூனிஸ்ட் 62, சுயேச்சை 62, கிசான் மஸ்தூர் பிரஜா 35, உழைப்பாளர் கட்சி 19, கிரிஷிகார் லோக் கட்சி 15, சோஷலிஸ்ட் 13, காமன்வீல் 6, முஸ்லிம் லீக் 5, பார்வர்ட் பிளாக் 3, பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு 2, ஜஸ்டிஸ் 1. கூட்டிப் பார், 375 வரும். உன் தாள் இதோடு ஒத்துப்போகும்வரை அச்சுக்கு அனுப்பாதே. கட்சிக் கட்டத்தில் தேர்தல் நாளில் என்ன கட்சியோ அதை மட்டும் போடு. பின்னால் தாவியதற்குத் தனிக் கட்டம். இரண்டையும் குழப்பினால் 1952-இல் நடந்தது எதுவுமே புரியாது.

ஏனென்றால் கதையே அங்கேதான். பெரும்பான்மைக்கு 188 வேண்டும்; காங்கிரசுக்கு 36 குறைவு. தமிழ் மாவட்டங்களில் 190-க்கு 96 வந்தது, மலபாரில் 29-க்கு நாலே நாலு. முதல்வர் குமாரசாமி ராஜா தோற்றார். பக்தவத்சலம், மாதவ மேனன், கோபால ரெட்டி, காளா வெங்கட ராவ் எல்லோரும் தோற்றார்கள். எதிர்த்தரப்பு, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சித் தலைவர் பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று கூடி, 166 பேர் எங்களோடு என்று ஆட்சி கேட்டது. இந்த இடத்தில் உன் முன்னுரையில் "தேர்தலில் வென்ற ராஜாஜி" என்று ஒரு வாக்கியம்! வாத்தியார் இருந்திருந்தால் உன் காது என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்தேன். ராஜாஜி எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். 1952 ஏப்ரல் 10-இல் பதவியேற்றார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி அந்த நியமனத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியானது. ஜூலை 3-இல் நம்பிக்கை வாக்கெடுப்பு: ஆதரவு 200, எதிர்ப்பு 151. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். உழைப்பாளர் கட்சித் தலைவர் ராமசாமி படையாட்சி மந்திரியானது காமராஜர் காலத்தில், 1954-இல். இதையும் நீ மாற்றிப் போட்டிருக்கிறாய்.

ராஜாஜி செய்தது சரியா தப்பா என்று நீயும் நானும் விடிய விடியப் பேசியது போதும். என் கருத்து மாறவில்லை: ஜனங்களிடம் வாக்குக் கேட்காமல் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தது புதுக் குடியரசுக்கு நல்ல தொடக்கம் இல்லை. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். மலரில் இரண்டு தரப்பையும் போடு.

வழக்குக் கட்டத்தில் நாமக்கல் காலியாக இருக்கிறது. அங்கே பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவை 1951 நவம்பர் 28-இல் தேர்தல் அதிகாரி நிராகரித்தார். அவர் உயர் நீதிமன்றம் போனார், கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1952 ஜனவரி 21-இல், இங்கே வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த மாதத்திலேயே, தீர்ப்புச் சொன்னது. வேட்புமனு நிராகரிப்பும் தேர்தலின் ஒரு பகுதிதான். அரசியல் சாசனம் 329-வது பிரிவின்படி தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனுவாகத்தான் அதைக் கேட்க முடியும், நடுவில் நிறுத்த முடியாது. இன்றைக்கும் தேர்தல் வழக்கு என்றால் வக்கீல்கள் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். நம் பக்கத்து ஊர் வழக்கு அது. மலரில் அரைப் பக்கமாவது கொடு.

1957-ஐயும் இதே கண்ணோடு திருத்து. அப்போது 205 இடம், 167 தொகுதி, 38 இரட்டை. அந்த வருஷம் ஆந்திரத்தில் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் என்ன ஆயிற்று தெரியுமா? இரண்டு பழங்குடி வேட்பாளர்கள் முதல் இரண்டு இடம் வந்து, பொது இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி 565 வாக்கில் வெளியே நின்றார். ஒதுக்கப்பட்ட இடத்துக்கு மனுப் போட்டவர் பொது இடத்துக்கு எப்படி வரலாம் என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். வரலாம் என்று 1959-இல் தீர்ப்பு. 1961-இல் இரட்டைத் தொகுதி ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து ஒன்றைத் தனித் தொகுதியாக்கினார்கள். பரப்பு பெரிது, செலவு அதிகம், எண்ணுவது சிரமம் என்ற குறைகள் நியாயமானவை. ஆனால் பொதுத் தொகுதியில் தலித் வேட்பாளர் ஜெயிக்க இருந்த ஒரு வழியும் அதோடு அடைபட்டது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதைப் பற்றி நம் ஆட்கள் யாரும் போதுமான அளவு எழுதவில்லை. நீ எழுது.

1957-லிருந்து 1962-க்குத் தொகுதிப் பெயரை வைத்து நேராகக் கோடு இழுக்காதே. பெயர் ஒன்றாக இருக்கும், நிலம் பாதியாகியிருக்கும். எல்லை ஆணையைப் பார்த்துப் பிர்க்கா பிர்க்காவாக (வருவாய்க் குறுவட்டம் வாரியாக) சேர்.

முதலில் அந்த 66 தொகுதிகளை மட்டும் தனித் தாளில் எடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, "பொது", "ஒதுக்கீடு" என்று ஒரு கட்டம். முடிந்தவரை வியாழக்கிழமைக்குள் அனுப்பு. நான் மூலத்தோடு ஒத்துப் பார்த்துத் தருகிறேன். தெலுங்குப் பெயர்களை ராவ் மாமாவிடம் ஒரு தடவை காட்டிவிடு, நீ எழுதியிருக்கும் எழுத்துக்கூட்டலில் பாதியை அவர் ஏற்க மாட்டார். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராஜு