தேன்மொழிக்கு, அந்தக் காசோலையைப் பற்றி

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கிறது; மாடியில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள்; மற்றவற்றை அம்மா பேசும்போது சொல்வாள். சில வாரங்களாக நீ ஞாயிற்றுக்கிழமை அழைக்காமல், லேப்பில் வேலை இருக்கிறது என்று ஒரு வரி மட்டும் அனுப்புகிறாய். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. படிக்கப் போன இடத்தில் வேலை இருக்கத்தான் செய்யும். நான் எழுத உட்கார்ந்தது, தம்பிக்கு நீ அனுப்பிய காசோலைப் படத்தைப் பற்றி. அவன்மேல் கோபப்படாதே. அக்கா அமெரிக்காவில் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டாள் என்ற பெருமையில்தான் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினான். எனக்கும் ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வங்கியில் காசோலைகளைச் சரிபார்த்துப் பணமாக்கும் கிளியரிங் பிரிவிலேயே தலை நரைத்தவனுக்குக் காசோலையைக் கண்டால் தொகை கண்ணில் படாது. அடியில் உள்ள வெள்ளைப் பட்டையில் காந்த மையால் அச்சிட்ட எண்கள்தான் முதலில் படும். அங்கத்திய காசோலையில் அந்த இடத்தில், எந்த வங்கி என்பதைக் காட்டும் ஒன்பது இலக்க ரூட்டிங் எண் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் எந்த வட்டாரம் என்பதைச் சொல்லும். உனக்கு வந்ததில் 11 இருக்கிறது; அது டல்லாஸ். வங்கியின் முகவரியும் டெக்சாஸ். பொருந்துகிறது. அடுத்து, ஒன்றாம், நான்காம், ஏழாம் இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கினேன். இரண்டாம், ஐந்தாம், எட்டாம் இலக்கங்களைக் கூட்டி ஏழால் பெருக்கினேன். மிச்சமுள்ள மூன்று இலக்கங்களையும் அவற்றோடு சேர்த்தேன். கூட்டுத்தொகை பூஜ்யத்தில் முடிந்தால் எண் சரி. பூஜ்யத்தில்தான் முடிந்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எண் தவறாக இருந்திருந்தால் முதல் நாளே இயந்திரம் அதைத் துப்பியிருக்கும், உனக்கு ஒரு கேடும் வந்திருக்காது. வங்கி உண்மை, கணக்கு எண்ணும் பெரும்பாலும் யாரோ ஒரு கட்டுமான நிறுவனத்தின் உண்மையான எண், தாள் மட்டும் பொய் என்றால், அந்தக் காசோலை டெக்சாஸ் வரை மரியாதையாகப் போய், அந்த நிறுவனத்தின் கணக்காளர் வரவு செலவைச் சரிபார்த்து 'இது நாங்கள் கொடுத்ததல்ல' என்று சொல்லும் வரைக்கும் நல்ல காசோலையாகவே நடமாடும்.

உன்னை இதில் தடுமாற வைப்பது நம் ஊர்ப் பழக்கம் என்றே நினைக்கிறேன். இங்கே பொதுவாகக் கிளியரிங் முடிந்து, கொடுத்தவரின் வங்கி பாஸ் செய்த பிறகுதான் பணத்தை எடுக்க முடியும். ஆகவே பணம் ஏறிவிட்டது என்றால் காரியம் முடிந்தது என்று நினைத்தே வளர்ந்திருக்கிறோம். அங்கே சட்டமே வேறு. காசோலையைப் போட்டவர்களை வங்கிகள் நாள்கணக்கில் காக்க வைக்கின்றன என்ற புகாரின்மேல் 1987இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி சாதாரணக் காசோலையானாலும் ஒரு சிறு தொகையை மறு வேலைநாளே எடுக்க விட வேண்டும். 2025 ஜூலை முதல் அது 275 டாலர். மீதியைப் பொதுவாக இரண்டாம் வேலைநாளில் விட வேண்டும். கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டாலும் பல வங்கிகள் ஏறத்தாழ இதே கணக்கில்தான் விடுகின்றன. காசோலை நல்லதா கெட்டதா என்பது தெரிவதற்கு முன்பே, வாடிக்கையாளரை நம்பி வங்கி கைமாற்றாகக் கொடுக்கும் பணம் அது. திரையில் தொகை தெரியும், எடுத்துக்கொள்ளலாம் என்றும் காட்டும். அது உன் பணம் அல்ல, தேன்மொழி. காசோலை வாரங்கள் கழித்துத் திரும்பினாலும் வங்கி முழுத் தொகையையும் உன் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும். அனுப்பியவன் யார் என்று அது தேடிக்கொண்டிருக்காது; காசோலையின் பின்னால் கையெழுத்துப் போடுவது நீதானே.

படத்தின் ஓரத்தில், காசோலையோடு வந்த கடிதமும் பாதி தெரிந்தது. 2,450 டாலர் காசோலையை இன்றே கைப்பேசி வழியாகக் கணக்கில் போடு, 350 டாலரை முதல் வாரச் சம்பளமாக வைத்துக்கொள், மீதி 2,100 டாலருக்குக் குழந்தைகள் இல்லத்துக்காகப் பரிசு அட்டைகள் வாங்கி, பின்பக்கத்தைச் சுரண்டி எண்களைப் படம் எடுத்து அனுப்பு என்று எழுதியிருக்கிறது. தேன்மொழி, எந்தக் குழந்தைகள் இல்லத்தில் பரிசு அட்டையின் எண்ணை வைத்து அரிசி வாங்குகிறார்கள்? இன்னொன்றையும் கவனித்தாயா என்று தெரியவில்லை. உதவியாளர் வேண்டும் என்று உன் கல்லூரி மின்னஞ்சலுக்கு எழுதியவர் கொலம்பஸில் இருக்கும் பேராசிரியர். காசோலையில் அச்சிட்டிருப்பது டெக்சாஸ் கட்டுமான நிறுவனம். உறையில் அனுப்புநர் முகவரி ஃபுளோரிடா. ஒரே சம்பளத்துக்கு மூன்று மாநிலத்தில் மூன்று பேர். கிளியரிங்கில் புதிதாகச் சேரும் பையன்கூட இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுவான்.

பரமக்குடி மாமா ஏமாந்த விஷயத்துக்குப் பிறகும் நம் வீட்டில் இப்படி நடக்கலாமா என்று முதலில் கோபம் வந்தது. வீட்டுக் கடனுக்கு வங்கி போட்ட வட்டியில் தவறு கண்டுபிடித்து, மேலாளரையே திருத்த வைத்தவள் நீ. அப்போது உனக்குப் பிளஸ் டூ தேர்வுகூட முடியவில்லை. அப்படிப்பட்டவள் கையில் இந்தத் தாள் வந்ததும் ஒரு முறை, ஒரே ஒரு முறை, 'அப்பா இதைப் பாருங்கள்' என்று கேட்டிருக்கலாம். தம்பியிடம் காட்டத் தோன்றியது, என்னிடம் காட்டத் தோன்றவில்லை. சரி, அதை விடு. அறிவில்லாதவர்கள்தான் இதில் விழுவார்கள் என்று நான் சொல்லவில்லை. போலிக் காசோலையில் பணம் இழந்ததாகப் புகார் கொடுக்கும் வாய்ப்பு, முப்பது வயதைக் கடந்தவர்களைவிட இருபதுகளில் இருப்பவர்களுக்கு இரு மடங்குக்கும் மேல் என்று, நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் அங்குள்ள அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனே 2020இல் சொல்லியிருக்கிறது. புது ஊர், புதுக் கணக்கு, கையில் காசு தட்டுப்பாடு, பேராசிரியர் என்றால் எழுந்து நிற்கும் வளர்ப்பு. ஏமாற்றுபவர்களுக்கு வேறென்ன வேண்டும்? தூண்டில்காரன் மீனுக்குப் பசிக்குமே என்று புழு போடுவதில்லை.

ஆகவே தாளைப் பார்க்காதே. நீர்க்குறி இருக்கிறதா, ஓரத்தில் துளைக் கிழிசல் இருக்கிறதா, மை பளபளக்கிறதா என்றெல்லாம் பார்க்கச் சொல்வார்கள். நல்ல போலியில் அத்தனையும் சரியாகவே இருக்கும். கேட்பதைப் பார். காசோலையையும் அனுப்பி, அதில் ஒரு பங்கை வேறொருவருக்கு அனுப்பவும் சொன்னால், அது எந்தக் காரணமாக இருந்தாலும் மோசடிதான். காரணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். உன் காரில் விளம்பரம் ஒட்ட வருபவனுக்குக் கூலி கொடு என்பார்கள். கடைகளைச் சோதிக்கும் ரகசிய வாடிக்கையாளர் என்று உன்னையே நியமிப்பார்கள். நீ விற்க வைத்திருக்கும் பழைய மேசைக்கு விலையைவிட அதிகமாகக் காசோலை அனுப்பிவிட்டு, தவறுதலாக வந்துவிட்டது, மிச்சத்தைத் திருப்பி அனுப்பு என்பார்கள். வங்கியே தன் பொறுப்பில் கொடுக்கும் கேஷியர்ஸ் செக் என்று வந்தால் நம் டி.டி. போல என்று நம்பிவிடாதே. உண்மையான கேஷியர்ஸ் செக் டி.டி. போலத்தான், ஆனால் வங்கிக் கிளைக்கு நேரில் கொண்டுபோய்க் கட்டினால் சட்டம் அதற்கு இன்னும் சீக்கிரமாகப் பணம் விடச் சொல்வதால், போலி அடிப்பவர்களுக்கு அதன்மேல்தான் ஆசை அதிகம். அஞ்சலக மணி ஆர்டர் வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார். இடப்பக்கம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முகம் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும். உள்நாட்டு மணி ஆர்டர் ஒன்று 1,000 டாலருக்கு மேல் இருக்கவே இருக்காது.

காசோலை இன்னும் உன் மேசையில்தான் இருக்கிறது என்றால் அதைப் போடாதே. அவசரம் என்று எத்தனை செய்தி வந்தாலும் போடாதே. அதில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்து விசாரிக்காதே. அதை எடுப்பவனும் அவர்கள் ஆளாகவே இருக்கலாம். அந்த நிறுவனத்தின் எண்ணை நீயே வேறு இடத்தில் தேடிக் கண்டுபிடித்து, இந்த எண்ணுள்ள காசோலையை நீங்கள் கொடுத்தீர்களா என்று கேள். பேராசிரியரைத் துறை அலுவலகத்தில் நேரில் போய்ப் பார். அவருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் தன் பெயரில் போனதே தெரியாமல் இருக்கும்.

உன் அறைத்தோழிகளில் யாராவது இதே போன்ற காசோலையை ஏற்கெனவே போட்டிருந்தால் அவர்களுக்கும் சொல். கணக்கில் ஏறிய தொகையில் ஒரு டாலரைக்கூடத் தொடக் கூடாது. தங்கள் வங்கிக் கிளைக்கு நேரில் போய், இது போலியாக இருக்கலாம் என்று தாங்களாகவே முதலில் சொல்லிவிட வேண்டும். பணம் வந்துவிட்டதா என்று கேட்டால் ஊழியர் ஆமாம் என்றுதான் சொல்வார். கொடுத்தவரின் வங்கி இதைப் பாஸ் செய்துவிட்டதா, இனித் திரும்ப வாய்ப்பில்லையா என்று கேட்க வேண்டும். பரிசு அட்டை வாங்கி எண்களையும் அனுப்பிவிட்டிருந்தால், அட்டையையும் ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு அட்டை நிறுவனத்தை உடனே அழைக்க வேண்டும்; எண்கள் இன்னும் செலவாகாமல் இருந்தால் சில சமயம் நிறுத்திவைக்க முடிகிறது. கைப்பேசியில் பணமாக அனுப்பியிருந்தால் வங்கியிடமே சொல்ல வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால், காசோலை திரும்பியபின் கணக்கு பற்றாக்குறையில் விழுந்து, வங்கி கணக்கை மூடி, வங்கிகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பதிவேட்டில் பெயரை ஏற்றிவிடும். ஐந்து ஆண்டு வரை அது அங்கே நிற்கும், வேறு எந்த வங்கியிலும் எளிதில் கணக்குத் திறக்க விடாது. காலதாமதம்தான் இதில் கெடுதல். அதை மட்டும் அந்தப் பெண்ணிடம் அழுத்திச் சொல்.

அவன் மறுபடி எழுதுவான், மிரட்டுவான், போலீஸ் வரும் என்பான், விசா போய்விடும் என்பான். பதில் போட வேண்டாம். உறையும் கடிதமும் காசோலையும் அப்படியே இருக்கட்டும். தபாலில் வந்ததால் இது அமெரிக்க அஞ்சல் புலனாய்வுப் பிரிவின் கைக்குள் வரும். தபாலைப் பயன்படுத்தி ஏமாற்றுவதை அந்த நாடு 1872லேயே குற்றமாக்கிவிட்டது. அவர்களுடைய எண் 877-876-2455. டிரேட் கமிஷனின் இணையதளத்திலும் புகார் எழுதலாம்.

நீ தயங்குவது எதற்கு என்று எனக்கு ஓரளவு தெரியும். மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், அனுமதியில்லாமல் வெளியே செய்யக் கூடாது என்பதை நானும் படித்தேன். இந்த வேலையைப் பற்றி வாய் திறந்தால் அது வேறு எங்காவது போய் முடியுமோ என்று நீ பயந்திருப்பாய். ஏமாற்றப்பட்டது ஒரு குற்றம் ஆகாது. இருந்தாலும் மனத்தில் உறுத்தல் இருந்தால், பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு மாணவர்களுக்கென்று இருக்கும் அலுவலகத்தில் முதலில் போய் நடந்ததைச் சொல்லிக் கேள். இந்த மாதிரி ஒரு மாணவி வந்து நிற்பது அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

எதற்காக நீ வேலை தேடினாய் என்பதையும் நான் கேட்கவில்லை. போன முறை பேசும்போது அம்மா மருத்துவமனைச் செலவைப் பற்றி உன்னிடம் புலம்பியிருக்கிறாள். புலம்ப வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. செலவு முடிந்தது, கட்டியாகிவிட்டது. கல்விக் கடனுக்கு உன் படிப்பு முடிந்த பிறகுதான் தவணை. பச்சைப் பெட்டியில் இருப்பதை இன்னும் தொடவில்லை. உனக்கு 350 டாலர் தேவைப்பட்டால் அதைக் கேட்க வேண்டிய இடம் இந்த வீடுதான்.

இந்த மாதம் 18ஆம் தேதி ஒரு வைப்புத்தொகை முதிர்கிறது. உன் கணக்கு வழக்கம்போல இயங்குகிறதா என்பதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுது. இயங்குகிறது என்றால் 2,100 டாலரைப் படிப்புச் செலவு என்று அனுப்பிவைக்கிறேன். எதற்கு என்று நீயும் சொல்ல வேண்டாம், அம்மாவுக்கும் தெரிய வேண்டாம். இயங்கவில்லை என்றால் புதுக் கணக்கு எண்ணை அனுப்பு.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: உறையைத் தூக்கி எறிந்துவிடாதே. அதில் ஒட்டியிருக்கும் தபால் சீட்டில் தடம் பார்க்கும் எண் இருக்கிறது. எந்த ஊரில் தபாலில் சேர்த்தார்கள் என்பதை அதைக் கொண்டுதான் தேட முடியும்.