ஹார்ட்னர் போத்தலில் லேபல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு வியாபாரி, இரசாயனம் இறக்குமதி செய்பவர்களைத் திணைக்களங்கள் போட்டு அலைக்கழிக்கின்றன, இந்தப் பெர்மிட்டுகளைத் தூக்கினால்தான் சின்ன ஆட்கள் பிழைக்கலாம் என்று எழுதியிருந்தார். நானும் அதே தொழில்தான். திருகோணமலையில் பைபர் வள்ளம் கட்டுகிறவர்களுக்கும் திருத்துகிறவர்களுக்கும் ரெசின் (பைபரை ஒட்டும் பிசின்), ஹார்ட்னர் (அந்தப் பிசினை இறுக வைக்கும் திரவம்), அசிட்டோன் (ஒட்டிய பிசினைக் கழுவும் கரைப்பான்) விற்கிறேன். அலைச்சல் உண்மை. ஆனால் பெர்மிட்டைத் தூக்கச் சொல்வது, வலை கிழிந்திருக்கிறது என்று வள்ளத்தைக் கொளுத்துகிற மாதிரி.

என் கதையையே சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னர் என் சரக்கு கொழும்பில் மாட்டிக்கொண்டது. ஹார்ட்னரின் முழுப்பெயர் மெதில் எதில் கீட்டோன் பெரொக்சைட். அனுப்பியவன் இன்வொய்சில் சுருக்கமாக 'எம்.ஈ.கே. ஹார்ட்னர்' என்று போட்டுவிட்டான். எம்.ஈ.கே. என்றால் மெதில் எதில் கீட்டோன், அது வேறு சாமான், போதைப்பொருள் தயாரிக்கவும் பயன்படும் என்பதால் 1988ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அசிட்டோன், டொலுயீன், சல்பூரிக் அசிட் எல்லாம் அதே அட்டவணைதான். அந்த உடன்படிக்கையை நம் நாட்டில் நடைமுறைப்படுத்துவது 2008ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம். அசிட்டோனுக்கு நான் முன்கூட்டியே அனுமதி எடுத்திருந்தேன், எம்.ஈ.கே.க்கு எடுக்கவில்லை, ஏனென்றால் நான் அதை வாங்கவே இல்லை! டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) ஏற ஏற அதிகாரியைத் திட்டினேன். பிறகு யோசித்தால், அந்த மனிதர் தாளில் இருந்ததைத்தான் படித்தார். தாளைப் படிக்காதவன் நான். கடைசியில் ஒவ்வொரு இரசாயனத்துக்கும் தனித்தனியாக உள்ள காஸ் (CAS) இலக்கம்தான் காப்பாற்றியது: எம்.ஈ.கே.க்கு 78-93-3, ஹார்ட்னருக்கு 1338-23-4. பெயர் குழப்பும், இலக்கம் குழப்பாது. இப்போதெல்லாம் சரக்கில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் 16 பிரிவுள்ள பாதுகாப்புத் தரவுத் தாளைக் கைக்கு எடுத்து, மூன்றாம் பிரிவில் இருக்கிற இலக்கம் இன்வொய்சோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் வங்கிக்கே போவதில்லை.

நம்மில் பலர் முதலில் ஓடர் போடுவோம், கப்பல் புறப்பட்ட பிறகு அனுமதிக்கு ஓடுவோம், அப்புறம் திணைக்களம் தாமதிக்கிறது என்போம். இன்னும் சிலர் அசிட்டோனையே 'பெயின்ட் தின்னர்' என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். தீப்பிடித்தால் அணைக்க வருகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? 2021இல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் என்ன நடந்தது? 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது, அதில் ஒரு கொள்கலன் கசிகிறது என்று தெரிந்தும், இந்தியாவின் ஹஜீராவிலும் கட்டாரின் ஹமாதிலும் அதை இறக்க முடியாமல் அப்படியே நம் கடலுக்கு வந்து சேர்ந்தது. கப்பலில் ஏறிய பிறகு தாளைத் திருத்தலாம், சரக்கைத் திருத்த முடியாது.

சரி, இதெல்லாம் துறைமுக வாசல் வரைக்கும்தான். எனக்கு உண்மையில் பயம் அதற்குப் பிறகுதான். கொழும்பில் இறங்குகிற ஹார்ட்னர் கேனில் அபாயக் குறி, இலக்கம், எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலத்தில் பளபளவென்று இருக்கும். லொறியில் சுமார் 260 கிலோமீற்றர் வந்து (இவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகத்தை வைத்துக்கொண்டு எங்கள் சரக்கு தரை வழியாக வருவதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்) கடைக்குள் நுழைந்ததும் அதை நாங்கள் என்ன செய்கிறோம்? வெறும் சோடாப் போத்தலில் ஊற்றி விற்கிறோம். ஒரு வள்ளத்தை ஒட்டுப்போட ரெசின் எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு ஹார்ட்னர் போதும், யார் முழுக் கேன் வாங்குவான்? பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அசிட்டோனோடு கலந்தாலோ, ரெசினை வேகமாக இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட் எக்சலரேற்றரோடு நேராகக் கலந்தாலோ வெடிக்கக்கூடியது. அந்தப் போத்தல் வள்ளத்துக்குள் உருளுகிறது, வீட்டில் குசினிப் பக்கம் கிடக்கிறது. பிள்ளைகள் உள்ள வீடுகள்.

இதைச் சொல்லும் தாள் என் மேசையில்தான் இருக்கிறது, ஆங்கிலத்தில். மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிற மனிதருக்கு நான் அதை நீட்டினால் என்ன பயன்?

பெர்மிட்டைத் தூக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது இரண்டுதான். அடையாள அட்டைக்கும் காணிக்கும் நடமாடும் சேவை நடத்துகிறார்கள் இல்லையா, அதுபோல இறக்குமதி ஏற்றுமதி கட்டுப்பாட்டுத் திணைக்களமும், போதைப்பொருள் முன்னோடி இரசாயனங்களைப் பார்க்கிறவர்களும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் மாதத்தில் ஒரு நாள் எங்கள் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு மேசை போட்டு உட்காரட்டும். ஒரு கையெழுத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டு இரவு பஸ் ஏறுவது குறையும். மற்றது, இறக்குமதிக்கு அனுமதி கொடுக்கும்போதே, சில்லறையாகப் பிரித்து விற்கிற போத்தலிலும் தமிழிலும் சிங்களத்திலும் லேபல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடட்டும். செலவு எங்களுக்குத்தான், பரவாயில்லை, போத்தலுக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ கூடும்.

இப்போதைக்கு நானே வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி மார்க்கரால் எழுதிக் கொடுக்கிறேன்: 'ஹார்ட்னர். குடிக்காதே. அசிட்டோனில் கலக்காதே. கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போ.' வேலை செய்கிறவர்கள் அசிட்டோன் கையோடு போத்தலைப் பிடிக்கிறார்கள், இரண்டே நாளில் எழுத்து அழிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு பைபர் சாமான் வியாபாரி,
திருகோணமலை.