மூட்டு ஓரத்தில் பருத்த மணிகள்

கொழிஞ்சாம்பாறை,
ஆடி மாதம்

அன்புள்ள முருகேசா,

பேத்தியின் காதுகுத்து நல்லபடி நடந்ததில் மகிழ்ச்சி. வராததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். மூன்று வாரமாகக் கஞ்சிக்கோட்டுப் பட்டறையை விட்டு நகர முடியவில்லை.

பன்னிரண்டு மாடிக் கட்டிடத்துக்குப் பெட்டித் தூண்கள் செய்கிறோம். தகடு 50 மில்லிமீட்டர். உத்தரம் வந்து சேரும் மட்டத்தில் தூணுக்குள் குறுக்குத் தகடு வேண்டும். நான்காவது பக்கத்தையும் மூடிய பிறகு உள்ளே புகுந்து யார் பற்றவைப்பது? அதற்குத்தான் எலக்ட்ரோஸ்லாக் வெல்டிங். துளை வழியே கம்பியை இறக்கினால், உருகிய ஸ்லாக்கின், அதாவது கசடின், சூட்டிலேயே கம்பியும் தகட்டு விளிம்பும் கரைந்து, கீழிருந்து மேலாக ஒரே பாஸில் நிரம்பிவிடும். கணவாயில் அடிக்கும் ஆடிக் காற்று மற்ற வெல்டிங்கின் காப்பு வாயுவையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறது. இதனிடம் அதன் பருப்பு வேகவில்லை.

ஆனால் சூடு! நாம் ராடு பிடித்த காலத்தில் மில்லிமீட்டருக்கு ஒன்றிரண்டு கிலோஜூல்தான். இங்கே 38 வோல்ட், 380 ஆம்பியர், நிமிடத்துக்கு 15 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார், மில்லிமீட்டருக்கு 58 கிலோஜூல் வரும். அவ்வளவு நேரம் வெந்தால் பக்கத்து இரும்பின் மணிகள், அதாவது உள்ளிருக்கும் நுண்படிகங்கள், பருக்காமல் என்ன செய்யும்? அவை பருத்தால் இரும்பு படக்கென்று உடையும்.

அல்ட்ராசோனிக் ஒலிச் சோதனையில் ஒரு குறையும் இல்லை. பிறகு, சுத்தியல் அடியில் உடைய இரும்பு எவ்வளவு ஆற்றல் வாங்குகிறது என்று பார்க்கும் சார்பி சோதனைக்கு 10 மில்லிமீட்டர் சதுரத் துண்டுகள் அறுத்தேன், வெட்டுத்தடம் சரியாக மூட்டு ஓரத்தில் விழும்படி. பூஜ்யம் டிகிரிக்கு வேண்டிய ஐஸ் மீன்காரரிடம் வாங்கியது; அறை முழுக்க மத்தி வாசம். தொட்டியிலிருந்து எடுத்த ஐந்து விநாடிக்குள் சுத்தியல் அடிக்க வேண்டும். குறைந்தது 27 ஜூல் தேவை. வந்தது 19, 14, 22. நல்ல இரும்பு சாம்பல் நிறத்தில் நார் நாராகக் கிழியும். இது கல்லுப்பு உடைந்ததுபோல் மினுங்கியது.

மேலாளர் “விரிசலே இல்லையே” என்கிறார். 1994 ஜனவரி 17 அமெரிக்காவின் நார்த்ரிட்ஜ், சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் ஜப்பானின் கோபே. இரண்டு நிலநடுக்கங்களிலும் வளைந்து தாங்கும் என்று நம்பிய உத்தர மூட்டுகள் படக்கென்று உடைந்ததைச் சொன்னேன். “இது பாலக்காடு” என்றார். இருந்தாலும் வேறு தகடு வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதில் டைட்டானியம் நைட்ரைடு துகள்கள் மணிகளைப் பருக்கவிடாமல் பிடித்துவைக்குமாம்.

அது வருவதற்குள் ஒரு யோசனை. இப்போது இடைவெளி 25 மில்லிமீட்டர். 20 ஆக்கினால் நிரப்ப வேண்டியது குறையும், வேகம் கூடும், சூடும் இறங்கும். ஆனால் அந்தச் சந்தில் கம்பி பக்கத்தில் உரசாமல் இறங்குமா? திருச்சியில் செய்து பார்த்தவர்கள் இருப்பார்கள், விசாரித்து எழுது.

உன்,
சாமிநாதன்