கான்ஸ்டன்ஸுக்கு ஒரே வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். வேட்டைப் பருந்துகள், அரபு அறிஞர்கள், போப்புடன் சண்டை, எல்லாமே விரிவாக வந்திருந்தன. அவருடைய அம்மா கான்ஸ்டன்ஸுக்கு மட்டும் ஒரே வரி: "மடத்திலிருந்து இழுத்துவரப்பட்டு ஐம்பது வயதில் பிள்ளை பெற்ற கன்னியாஸ்திரீ." கட்டுரையாளரைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தாலியக் கவிஞர் தாந்தேயே தன் சொர்க்கக் காட்சியில் கான்ஸ்டன்ஸை மடத்திலிருந்து பிடுங்கிவரப்பட்டவராகத்தான் காட்டுகிறார். ஆனால் தாந்தே எழுதியது நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து. கான்ஸ்டன்ஸ் துறவு பூண்டதற்கு அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லையே, அப்படியானால் மடத்தில்தான் இருந்திருப்பார் என்று ஊர் கட்டிய கதை அது.

அப்பா முகம் பார்க்காத பிள்ளை அவர். சிசிலி அரசர் இரண்டாம் ரோஜர் 1154 பிப்ரவரியில் இறந்தார். மகள் பிறந்தது நவம்பரில். அதற்குள் மூத்த தாரத்து அண்ணன் வில்லியம் அரியணை ஏறி, அவருக்கு ஒரு மகனும் பிறந்திருந்தான். ஆக, மருமகனைவிட அத்தை ஏறக்குறைய ஒரு வயது இளையவர்! அந்த மருமகன்தான் இரண்டாம் வில்லியம். தனக்குக் குழந்தையில்லாத நிலையில், தான் அப்படியே இறந்துபோனால் நாடு அத்தைக்கே என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். 1186 ஜனவரியில் மிலானில் அத்தைக்கும் ஜெர்மானியப் பேரரசர் ஃபிரடெரிக் பார்பரோசாவின் மகன் ஹென்றிக்கும் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு 31, மாப்பிள்ளைக்கு 20.

1189இல் வில்லியம் கண்ணை மூடியதும் சத்தியமெல்லாம் காற்றில் போயிற்று. கான்ஸ்டன்ஸின் இன்னொரு அண்ணனுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த தான்க்ரெட்டுக்கு முடிசூட்டினார்கள். 1191இல் ஹென்றி படையோடு வந்து நேப்பிள்ஸை முற்றுகையிட்டார். படையில் நோய் பரவியதும் பின்வாங்கினார். மனைவியோ சலேர்னோவில் இருந்தார். வரவேற்று உபசரித்த அதே ஊர்க்காரர்கள் அவரைப் பிடித்துத் தான்க்ரெட்டிடம் கொடுத்துவிட்டார்கள். மறு வருஷம்தான் விடுதலை.

1194இல் தான்க்ரெட் இறந்த பிறகு, கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவில் ஹென்றி முடி சூடினார். மனைவியின் உரிமையில் வந்த முடி அது. மறுநாளே, வரும் வழியில் யேசி என்ற சிற்றூரில் கான்ஸ்டன்ஸுக்குப் பிள்ளை பிறந்தது. வயது 40, ஐம்பதல்ல. இருந்தாலும் ஊர்வாய் சும்மா இருக்குமா? கசாப்புக்காரன் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்றுகூடப் பேசினார்கள். அந்த வாயை மூடத்தான் சந்தைத் திடலில் கூடாரம் போட்டு, ஊர்ப் பெண்கள் பார்க்கப் பெற்றாராம். நடந்ததோ இல்லையோ, தலைப்பிரசவத்துக்கு நாற்பதில் நின்ற பெண் என்ன பேச்சையெல்லாம் கேட்டிருப்பார் என்று அந்தக் கதையே காட்டிக்கொடுக்கிறது. குழந்தைக்கு முதலில் வைத்த பெயர் கான்ஸ்டன்டைன். அதுவும் நிலைக்கவில்லை, தாத்தாக்கள் இருவர் பெயரும் சேர்ந்து ஃபிரடெரிக் ரோஜர் ஆயிற்று. கைக்குழந்தையை ஸ்பொலேட்டோ பிரபுவின் மனைவியிடம் விட்டுவிட்டு அவர் சிசிலிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

கட்டுரையில் விட்டுப்போனது இதற்கு அடுத்த கட்டம். 1197 செப்டம்பரில் ஹென்றி இறந்ததும் கான்ஸ்டன்ஸ் பிள்ளையை வரவழைத்துக்கொண்டார். கணவரின் ஜெர்மன் தளபதி மார்க்வார்டை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். 1198 மே மாதம் மூன்று வயது மகனுக்குப் பலெர்மோவில் முடிசூட்டியபோது, ஜெர்மனியில் அவனுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த, பேரரசர் ஆவதற்கு முந்தைய படியான 'ரோமானியரின் அரசர்' என்ற பட்டத்தைக் கைவிட்டார். சிசிலி போதும், அப்பா வீட்டுச் சொத்து போதும் என்பதுதான் அவர் கணக்கு. "தந்தை வழிப் பேரரசைக் காத்துக்கொடுத்த தாய்" என்று கட்டுரை முடிவில் வருகிறதே, விஷயம் நேர் எதிர்.

அந்த நவம்பரிலேயே, போப் மூன்றாம் இன்னொசென்ட்டை மகனுக்குக் காப்பாளராக எழுதிவைத்துவிட்டு அவர் இறந்துபோனார். பையனுக்கு அப்போது நாலு வயதுகூட நிறையவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்