தாய்மார் தங்குமடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

எமது பேச்சியம்மன் ஆலயத்தின் தெற்கு வீதிக் காணியில், ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மாருக்கான தங்குமடம் கட்டி முடிந்து, பால் காய்ச்சியாகிவிட்டது. மதிப்பீடு 42 லட்சம் ரூபாய், முடிந்த செலவு 51 லட்சம். கூடிப்போன 9 லட்சத்தைப் பற்றி ஊரில் நடக்கும் பேச்சு சபையின் காதுக்கும் வந்தது.

கோபுர நிதியில் கை வைத்தோம் என்பது பொய். அந்தக் காசு வங்கியில் அப்படியே கிடக்கிறது, புத்தகத்தை யாரும் பார்க்கலாம்.

அடுத்தது துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு. பிள்ளை பெற்று 31 நாள் கழியாத தாய்மாரைக் கோயில் காணியில் வைப்பதா என்று பொதுக்கூட்டத்திலேயே கேட்டார்கள். மடம் வெளிமதிலுக்கு அப்பால் இருக்கிறது, வாசலும் றோட்டுப் பக்கம். அதோடு, பிள்ளை வேண்டி நேர்த்தி வைக்க இந்த அம்மனிடம் வருகிறோம், பெற்றவளை மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் பாய் விரித்துப் படுக்கச் சொல்வதா? வாகரையிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் வருபவர்கள் அவர்கள். தாய்க்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மாதம் நிரம்பாத பிள்ளை ஆஸ்பத்திரிக்குள்ளே இருக்கும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டிய பிள்ளையை விட்டுவிட்டு எந்த பஸ்ஸில் போய் வருவது?

சாய்கதிரைகளுக்கு இவ்வளவு காசா என்றும் கேட்டீர்கள். எடை குறைந்த பிள்ளையை வெறும் மேலோடு தாயின் நெஞ்சில் கட்டி வைப்பது கங்காரு முறை. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் கடைசியில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியது. நாளுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை அப்படி வைத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லியிருக்கிறது. பிள்ளையை வீட்டுக்கு விட்ட பிறகும், கிளினிக்கில் எடை பார்க்கும் வரை மடத்தில் தங்கும் தாய் அவ்வளவு நேரமும் பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து இருக்க முடியாது. ஏசி தர வந்த இரண்டு அன்பர்களிடம் வேண்டாம் என்றதும் இதனால்தான். சின்னப் பிள்ளைக்குக் குளிர்காற்று ஆகாது. அவர்களுக்கு இன்னும் கோபம்.

சரி, கொந்தராத்துக்காரர் விஷயம். கோயில் மண்டபத்தின் கீழ்ப்படிக்குச் சமமாக மடத்தின் நிலம் வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. கார்த்திகை மழையில் தண்ணீர் விறாந்தை ஏறி அறைக்குள் வந்தது. கேட்டால், "றோட்டு உயர்ந்துபோச்சு, நான் என்ன செய்ய?" என்றார். கடைசிக் கொடுப்பனவை நிறுத்தினோம். அவர் கேற்றுக்குப் பூட்டுப் போட்டுத் திறப்போடு போய்விட்டார். அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வைப்போம் என்று சிலர் நின்றார்கள். சபை சம்மதிக்கவில்லை. மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு முனையை மண்டபப் படியிலும் மறுமுனையை அறைச் சுவரிலும் பிடித்தோம். குழாய்க்குள் தண்ணீர் ஆடி ஆடி நின்ற இடத்தில் அவருடைய மேசனே பென்சிலால் கோடு போட்டார். கோட்டிலிருந்து நிலம் 7 அங்குலம் கீழே. றோட்டு உயர்ந்தால் கோயில் படியுமா கூட உயர்ந்தது? மனிசன் பேசாமல் ஒரு தேத்தண்ணி கேட்டார்.

நிலத்தை உயர்த்தும் கூலி அவருடையது, பொருள் எங்களுடையது என்று முடிந்தது. அந்தப் பொருளுக்கு, உயர்த்திய கதவுகளோடு, 4 லட்சம். வழக்குக்குப் போயிருந்தால் முழுதும் அவர் தலையில் விழுந்திருக்கும் என்கிறார்கள். விழுந்திருக்கலாம், அதுவரை மடம் பூட்டியே கிடந்திருக்கும். மிச்ச 5 லட்சம் சீற்றுக் கூரையை ஓடாக மாற்றிய வேலைக்கும் (ஓடு நன்கொடை) வெந்நீர் வசதிக்கும்.

வயரிங், பெயின்ற், மலசலகூடம், கிணற்றுக்கட்டு எல்லாம் முடிந்தன.

உதவியோர்: குடிமக்கள் அனைவரும், ஓடு முழுவதும் தந்த படுவான்கரைப் போடியார், மணல் ஏற்றிய உழவு இயந்திரக்காரர்கள், கல்முனைச் சாமான்கடை முதலாளி, சுவிஸிலும் கனடாவிலும் உள்ள எம் பிள்ளைகள், மீன்வாடிக்காரர், பாய் பின்னித் தந்த பெண்கள், காத்தான்குடியிலிருந்து துணி அனுப்பிய வியாபாரி, தன் பேரப்பிள்ளை பிழைத்த நேர்த்திக்கு இரண்டு கதிரை தந்த ஆச்சி. பெயர்களும் தொகைகளும் அறிவித்தல் பலகையில் உள்ளன. கல்லில் வெட்டும்படி கேட்டவர்களுக்கு: அதற்கு மதிப்பீட்டில் காசு இல்லை.

பற்றுச்சீட்டுகளை வெள்ளிக்கிழமை பூசை முடிந்த பின் காரியாலயத்தில் பார்க்கலாம். மிஞ்சிய மாபிள் பெட்டி இரண்டும் மடைப்பள்ளியில் இருக்கின்றன, கேளாமல் எடுக்க வேண்டாம்.

செயலாளர்
ஆலய பரிபாலன சபை